அசையாதீங்க தங்கச்சி

"அசையாதீங்க தங்கச்சி. இந்தா, இன்னும் கொஞ்சம்தான்."

தனுஜா அசையவில்லை. பங்களாவின் முன்ஹாலில் விரித்திருந்த பாயில் மல்லாந்து கிடந்தாள். மடக்கி உயர்த்திய கால்களின் மேல் குப்புறக் கிடந்த பிள்ளை, அவளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

பழைய துரை பங்களா இப்போது ஹோட்டலாகிவிட்டது. பிள்ளை பெற்ற வெளிநாட்டுப் பெண்கள் கைக்குழந்தையோடு வந்து தங்கி யோகா செய்யப் போகிறார்களாம். அதற்கான விளம்பர வீடியோவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தாய் வேண்டுமென்று கொழும்பிலிருந்து முதலாளி சொல்லிவிட்டார்.

பிள்ளை பெற்றபின் செய்யச் சொல்லி கிளினிக் மிட்வைஃப் கற்றுக்கொடுத்த உடற்பயிற்சியை விடாமல் செய்துவந்தவள் இந்தத் தோட்டத்தில் தனுஜா ஒருத்திதான். ஒற்றை அறைதான் லயத்துக் காம்பரா; கையை விரித்தால் சுவர் இடிக்கும், காலை நீட்டினால் அடுப்பு இடிக்கும். பக்கத்துக் காம்பராக்காரர்கள் சிரித்த சிரிப்பு மேனேஜர் யோகேஸ்வரன் காதுவரை போய்த்தான் அவள் இங்கே வந்து படுத்திருக்கிறாள்.

யோகேஸ்வரனுக்குப் பேரில் மட்டும்தான் யோகம். குனிந்து காலில் சப்பாத்து மாட்டுவதற்கே ஆள் தேடுகிற மனிதர்.

"வீடியோ நல்லா வந்துச்சுன்னா பங்களாவுலயே ஒனக்கு நிரந்தர வேல," என்று நேற்றே சொல்லியிருந்தார். "நடுவுல எந்திரிச்சேன்னா மறுபடியும் பெரட்டுக்களத்துல நின்னு கொழுந்து பறிக்கப் போறதுதான். படத்துல புள்ள கொழுகொழுன்னு இருக்கணும், நீ சிரிச்ச மொகமா இருக்கணும். வேற ஒண்ணும் நீ பேசப்படாது. வெளங்குதா?"

நன்றாகவே விளங்கியது. கொட்டும் மழையில் அட்டைக்கடியோடு கொழுந்துக்கூடை சுமக்க அவள் இடுப்பில் இனித் தெம்பில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஹட்டன் டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஃபாஸில் கேமராவை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். "மாஷா அல்லாஹ்! புள்ளய நல்லா வளத்திருக்கீங்க."

தனுஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அசையாதீங்கன்னு சொன்னேனே!"

அப்போதுதான் பின்னால், சமையல் நடக்கும் குசினிப் பக்கம், ஒரு குழந்தை வீறிட்டது.

"யாருட புள்ள அது? சத்தம் பதியுதே," என்றான் ஃபாஸில்.

"யாரோ வேலக்காரி புள்ளப்பா. நீ எடு." யோகேஸ்வரன் போய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, அதன் முன்னாலேயே நின்றுகொண்டார். சாத்திய கதவையும் மீறி அழுகை வந்தது.

 தனுஜாவின் ரவிக்கை பால் கசிந்து நனைந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்குத் தன் பிள்ளை, அடுத்தவள் பிள்ளை என்ற வித்தியாசம் உண்டா என்ன? எது அழுதாலும் பால் இறங்கிவிடும் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

"ஐயா, புள்ளைக்குப் பசிங்க. செத்த எந்திரிச்சிக்கிறேங்க."

"பசியா? இப்பதானே வயிறு முட்டக் குடிச்சிச்சு. சிரிச்சிக்கிட்டுதானே கெடக்கு? படு பேசாம."

படுத்தாள். லயத்துக் காம்பராவைப் போல நாலு மடங்கு பெரிய ஹால்தான், ஆனால் மூச்சு முட்டியது. ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் பனி மூடியிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைச் சுவர்தான்.

"மொகம் வாடிப்போச்சே," என்றான் ஃபாஸில். "புள்ளைக்குப் பாட்டு ஒண்டு படிங்க தங்கச்சி. பாக்க நல்லா ஈக்கும்."

அதற்கே காத்திருந்தவள் போல அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். "ஆராரோ ஆரிரரோ... அழுவாத என் ராசாத்தி... ஆத்தா இங்கதான் இருக்கேன்..."

ஃபாஸில் சிரித்துவிட்டான். "சிரிக்கிற புள்ளய அழுவாதங்கிறீங்க. ஆம்புளப் புள்ளய ராசாத்திங்கிறீங்க. நல்ல பாட்டுத்தான்!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை, குரலை உயர்த்திப் பாடினாள். குசினியிலிருந்து வந்த அழுகை மெல்ல மெல்லத் தேய்ந்து, விசும்பலாகி, அடங்கியது.

"பாருங்க சேர், தங்கச்சிட குரலுக்கு அந்தப் புள்ளயும் அடங்கிட்டு!"

யோகேஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. "பாட்டு வேணாம். வாயசையுறது நல்லால்ல," என்றார் அவசரமாக.

பாட்டு நின்றது.  பிறகு அழுகை மறுபடியும் வெடித்தது. இந்த முறை மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லாமல், தொண்டை கம்மக் கம்ம அழுதது.

ஃபாஸிலுக்குக் கோபம் தலைக்கேறியது. "இப்பிடி எடுக்க ஏலாது சேர்! அந்தப் புள்ளட உம்மா எங்க போய்த் தொலஞ்சா? இப்பிடிக் கத்தவுட்டுட்டு எங்கயோ கெடக்காளே, நெஞ்சா கல்லா? யாராச்சும் போய் அவளக் கூட்டிக்கிட்டு வாங்க!"

தனுஜா காலை இறக்கினாள்.

"ஏய், படு! வேல வேணுமா வேணாமா?" என்றார் யோகேஸ்வரன்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கலைந்த முடியோடும் நனைந்த ரவிக்கையோடும் கதவுக்குக் குறுக்கே நின்றவரிடம் நேரே போனாள். பிள்ளையை அவர் கையில் திணித்தாள்.

"ஒங்க பேரனப் புடிங்கய்யா. அழுவுறதுதான் எம் புள்ள."