மேலே கிடந்த செம்பு

கிணற்றுச் சேறு அள்ளிய முதல் வாளியிலேயே செம்பு வந்துவிட்டது.

அஸீஸா ரீச்சர் சேற்றைத் துடைத்துப் பார்த்தாள். அது அவளுடைய செம்புதான். ஆனால் அது முதல் வாளியில் வந்திருக்கக் கூடாது.

தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஆயுதம் ஏந்திய இயக்கத்தார் இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அன்று, அவளே அதைக் கிணற்றுக்குள் போட்டாள். உள்ளே இருந்தது நகையல்ல. வகுப்பில் காட்டவென்று சேர்த்த பதினேழு கற்கள். காரீயம், மைக்கா, இளஞ்சிவப்புப் பளிங்கு. சுண்ணாம்புக் கல்லைத் தவிர வேறு கல் காணாத பிள்ளைகளுக்கு அவை பெரிய அதிசயம்.

கல் தண்ணீரில் பழுதாகாது என்று நினைத்தாள்.

இடம்பெயர்ந்து போன புத்தளத்தில் படிப்பித்து, வேலையிலிருந்து இளைப்பாறி, மூன்று மாதத்துக்கு முன்தான் திரும்பி வந்தாள். வீட்டின் சுவர்கள் நின்றன. கதவுகளையும் நிலைகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். யாரென்று தெரியாததால் அயலில் ஒருவரோடும் அவள் கதைக்கவில்லை. பக்கத்து வீட்டு மரியநாயகி மதிலுக்கு மேலால் சிரித்தால், காணாதவள் போல உள்ளே போய்விடுவாள்.

இன்று கிணறு இறைப்பு. கூலிக்கு வந்த றம்ஸீன் உள்ளே நின்று சேற்றை அள்ளினான்.

இரண்டாவது வாளியில் ஒரு தயிர்க் கோப்பையும் கைப்போனின் உடைந்த மூடியும் வந்தன. மூன்றாவதோடு அடிப்பாறை தட்டிவிட்டது. முப்பத்தைந்து வருசச் சேறு ஒரு சாண் கூட இல்லை.

முந்நூற்றைம்பது வருசத்துக்கு முன், இத்தாலியில் ஸ்டெனோ என்றொரு மருத்துவர் சுறாவின் தலையை அறுத்துப் பார்த்தார். மலைப்பாறையில் அகப்படும் நாக்குப் போன்ற கற்கள் உண்மையில் சுறாப் பற்கள் என்று கண்டார். அடுக்குப் பாறையெல்லாம் ஒருகாலம் சேறாகப் படிந்தது, கீழ் அடுக்கு மூத்தது, மேல் அடுக்கு இளையது என்று எழுதி வைத்தார். அஸீஸா அதை முப்பது வருசம் கரும்பலகையில் கீறிக் காட்டியவள்.

அப்படியென்றால் போன் மூடி விழுந்த பிறகுதான் செம்பு விழுந்திருக்கிறது.

யாரோ எடுத்திருக்கிறார்கள். நகையென்று நினைத்துத் திறந்திருக்கிறார்கள். கல்லென்று கண்டதும் திரும்ப எறிந்திருக்கிறார்கள். அவளுக்கு நெஞ்சு கசந்தது.

செம்பின் வாயை அவள் அன்று பழஞ்சீலையால் கட்டியிருந்தாள். இப்போது வலை பின்னும் நைலோன் நூலால் இறுக்கி முடிந்திருந்தது. வெட்டிக் கொட்டினாள். பதினேழும் இருந்தன. அவள் எழுதிய இலக்கங்களின் மேல், வள்ளத்துக்குப் பூசும் நீலப் பெயின்ரால், அழிய அழிய யாரோ திரும்பவும் எழுதியிருந்தார்கள்.

அவள் நிமிர்ந்தபோது மதிலோரம் மரியநாயகி நின்றாள்.

"கிணறு தூர்ந்து போகக் கூடாதெண்டு வருசா வருசம் இறைக்கிறனாங்கள், ரீச்சர். உந்தச் செம்பும் சேத்தோடை மேலை வரும். நீங்கள் வந்தால் இதுக்குள்ளைதானே தேடுவியள் எண்டு என்ரை மனுசன் திரும்ப அங்கையே போட்டுவிடுவார். அவர் கடலிலை மோசம் போன பிறகு, நான். இந்தமுறை பெயின்ற் அடிச்சு வைச்சிருந்து, நீங்கள் வாறியளெண்டு கேள்விப்பட்ட பிறகுதான் போட்டனான்."

அஸீஸா எழுந்து மதிலடிக்குப் போனாள்.

"உள்ளுக்கு வாங்கோ, அக்கா."

வீட்டில் இருந்தது ஒரேயொரு கதிரை. அதைத் துடைத்துக் கிணற்றடியில் மரியநாயகிக்குப் போட்டுவிட்டு, அவள் கிணற்றுக் கட்டின்மேல் குந்தினாள்.