தெரு முழுக்க வாசிக்க ஒரு நம்பர்

“என்ர தெருவில இருக்கிற அத்தனை பேருக்கும் அந்தக் கார் ஆரின்ர எண்டு தெரியவேணும், தம்பி. ஒருக்காப் பாத்தால் மறக்கக் கூடாது.”

ஜெஸ்ரினுக்கு உள்ளம் குளிர்ந்தது. இல்ஃபோர்டில், போன் திருத்தும் கடையொன்றின் பின்பக்கத்தில் மேசை போட்டு, காருக்குப் பெயர்போல வாசிக்கக்கூடிய நம்பர் பிளேட் பிடித்துக் கொடுக்கிறவன் அவன். மனிதருக்குப் பெருமை உள்ளவரை அவன் வீட்டு அடுப்பு எரியும்.

எதிரே இருந்தவர் தில்லையம்பலம். எழுபதைத் தாண்டிய வயது, மடிப்புக் கலையாத சட்டை. மனைவி காலமாகிவிட்டார், மகள் ரொறன்ரோவில் என்பதையெல்லாம் கேட்காமலே சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் இருந்தார். வாயைத் திறக்க ஆள் தேடுகிறவரிடம் வியாபாரம் லேசு என்று ஜெஸ்ரின் மனக்கணக்குப் போட்டான்.

“அப்ப உங்கட பேரையே போடுவம், ஐயா. தில்லை எண்டு வாசிக்கிற மாதிரி ஒண்டு கிடக்கு. உங்களுக்கெண்டே செய்து வைச்ச மாதிரி.”

“அதை அந்தத் தெருவில ஆர் வாசிக்கிறது? முன்வீட்டில போலந்துக்காரர். மூலை வீட்டில ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அவ இண்டைக்கும் என்னை ‘மிஸ்டர் டி’ எண்டுதான் சொல்லுறா. கண்டால் கையைக் காட்டுவா, அவ்வளவுதான்.”

“சரி, சாமி பேர்? முருகன் கைவசம் இருக்கு. ஈலிங் அம்மன் கோயில் தேருக்குக் கொண்டுபோய் விட்டியளெண்டால், சனம் தேரை விட்டிட்டு உங்கட காருக்குப் பின்னால வரும்.”

“கோயிலடி ஆக்கள் பாத்து எனக்கென்ன? வாசலடி ஆக்கள் பாக்கோணும்.”

“கூட்டெண் ஒன்பது வாற மாதிரி? நல்ல அதிஷ்டம், ஐயா.”

“இனி அது வந்து என்னத்தைச் செய்யிறது?”

“மகளின்ர பேர்?”

“ரொறன்ரோவில இருந்து அவளுக்கு என்ர கார் தெரியுமே?”

ஜெஸ்ரின் பெருமூச்சை விழுங்கிக்கொண்டான். வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லை அவனுக்கு. “கோலியர்ஸ் வுட்டில ஒரு டொக்டர், தன்ர பேரைப் போட்டவர். இப்ப அவர் ரோட்டில போகேக்க சனம் விலத்தி நிண்டு பாக்குது.”

“நான் ஓடேக்க ஒருத்தரும் பாக்கத் தேவையில்லை, தம்பி. கார் நிக்கேக்கதான் பாக்கோணும்.”

இதென்ன புதுவிதமான பெருமை? “கார் என்ன, மெர்சிடிஸோ?”

“பழைய டொயோட்டா. சாம்பல் நிறம். எங்கட தெருவில பாதிக் கார் அந்த நிறம்தான், ஒண்டுக்கொண்டு வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு நாளும் காலமை எடுத்து ஒரு சுத்துச் சுத்திப்போட்டு, திருப்பி வாசலில விடுவன்.”

“எங்க போறனியள்?”

“ஒரு இடமும் இல்லை.”

பெற்றோல் விலையை நினைத்து ஜெஸ்ரின் வாய்க்குள் சிரித்தான். பற்றரி செத்துப்போகாமல் பார்க்கிறார் போலிருக்கிறது.

கனகாலமாக ஒருவரும் சீண்டாத நம்பர் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. பகிடிக்குத்தான் திரையைத் திருப்பிக் காட்டினான்: T34 POT. “இல்லாட்டி இதைப் போடுவமோ? மூண்டை ‘ஈ’ மாதிரியும் நாலை ‘ஏ’ மாதிரியும் பாருங்கோ. ‘டீபாட்’! தேத்தண்ணிக் கேத்தில்!”

சிரிப்பார் என்று பார்த்தால், தில்லையம்பலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். உள்ளே வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

“போலந்துக்காரன்ர சின்னப் பெடிச்சியும் வாசிப்பாள். தபால்காரனும் வாசிப்பான். இதுதான் எனக்கு வேணும்.”

விலைபோகாத சரக்கென்று எந்த வியாபாரி வாயால் சொல்லுவான்? “இதைத் தேடி வாற ஆக்கள் கனபேர், ஐயா” என்று ஒரு விலையைத் தூக்கி எறிந்தான் ஜெஸ்ரின். அவர் பாதிக்கு இழுப்பார், முக்காலில் முடிக்கலாம்.

அவர் இழுக்கவில்லை. பாங்க் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

பேரம் பேசாத தமிழனைக் கண்டதும் ஜெஸ்ரினுக்கே பயம் பிடித்துவிட்டது.

“ஐயா, ஒருக்கா யோசியுங்கோ. கலியாண வீடு, பேத்டே எண்டு போற இடமெல்லாம் ‘கேத்தில் வந்திட்டுது’ எண்டு சிரிப்பினம்.”

“சிரிக்கட்டும். சிரிச்சால் ஞாபகம் இருக்கும்.”

“பக்கத்து வீட்டுக்காரனோட ஏதும் போட்டியோ? அவன் புதுக்கார் கிதுக்கார் எடுத்திட்டானோ?”

தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்தும் போட்டுக்கொள்ளவில்லை.

“அந்த மனிசனும் என்னை மாதிரித் தனியாள். போன மாசம் பொலிஸ் கதவை உடைச்சுத்தான் பிரேதத்தைத் தூக்கினது. மணக்கத் தொடங்கின பிறகுதான் தெருவுக்கே தெரியும். அவரின்ர கார் அவ்வளவு நாளும் வாசலிலதான் நிண்டது, ஒருத்தரும் கவனிக்கேல்லை.”

மேசையிலிருந்து எடுத்த அட்டை ஜெஸ்ரினின் கையிலேயே இருந்தது. அதை மெஷினில் போட அவனுக்குக் கை வரவில்லை.

“டீபாட் ரெண்டு நாளா அசையேல்லையே எண்டு, ஆராவது வந்து கதவைத் தட்டுவினம்தானே, தம்பி?”