பெண்கள் பக்கத்தில் ஓரிடம்

"அக்கா, நீங்க பொம்பளைங்க பக்கம் போய் உக்காருங்க. இன்னைக்கு மேடைக்கிட்ட யாரையும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

தொண்டர் வழிமறித்து நின்றார். படியில் வைத்த காலைச் சீதாலெட்சுமி எடுக்கவில்லை.

மேடை மேல் அவள் கணவர் கன்னையா உடுக்கையின் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நடக்கும் பேச்சு அவருக்குக் கேட்கவில்லை.

அவருக்கு எதுவுமே கேட்காது.

பத்து மாதத்துக்கு முன் வந்த மலேரியாக் காய்ச்சலும், அதற்காக விழுங்கிய கொயினா மாத்திரைகளும் சேர்ந்து இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டன. அது புருஷன் பெண்சாதி இருவருக்கு மட்டுமே தெரியும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை தோட்டம் தோட்டமாக முப்பது வருஷம் பாடியவர். "செவிடன் பாடுறான்னு ஒருத்தன் சிரிச்சாக்கூடப் போதும், அன்னைக்கே இந்த உடுக்கைய ஆத்துல போட்டுருவேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

அதனால் ஒவ்வொரு கச்சேரியிலும் அவள் மேடையோரம் உட்கார்ந்தாள். கூட்டம் எந்தப் பாட்டைக் கேட்டுக் கத்துகிறது என்று கவனித்துச் சாடை காட்டுவாள். மூக்குத்தியைத் தொட்டால் கப்பல் பாட்டு. முந்தானையை இழுத்துவிட்டால் குதிரைச் சாமி பாட்டு. உள்ளங்கையைக் காட்டினால், கைதட்டுகிறார்கள், பொறு.

இன்று அங்கே நிற்கவும் வழியில்லை. ஏன் நிற்க வேண்டும் என்று சொல்லவும் வழியில்லை.

போனாள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த திடல் அது. ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணி வெயில். கிள்ளான் ரயிலில் வந்திறங்கிய தோட்டத்து ஜனமும் ரயில்வே ஜனமுமாகத் திடல் கொள்ளவில்லை. பெண்கள் பக்கத்தில், பந்தல் காலை ஒட்டி ஒரு பாய் காலியாக இருந்தது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் மாரியாயி நகர்ந்து இடம் விட்டாள்.

கன்னையாவின் கண்கள் மேடையோரத்தில் தேடின. இந்தப் பக்கம் தேடின. சீதாலெட்சுமி கையை உயர்த்திப் பார்த்தாள். அத்தனை தலைகளுக்கு நடுவே அவர் எங்கே பார்ப்பார்!

முதல் பாட்டு, சாமி கும்பிடும் பாட்டு. அதற்கு யாரும் சாடை காட்ட வேண்டியதில்லை. தாளம் உள்ளங்கையிலேயே இருந்தது. பாடி முடித்தார்.

இனிமேல்தான் கத்துவார்கள். அவர் சிரித்தபடி சும்மா நிற்பார். யாராவது ஒருவன், "என்ன, காது கேக்கலையா?" என்பான்.

ஒருவரும் கத்தவில்லை.

முன்வரிசையில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் நாகையா எழுந்தார். ஆறடி ஆள். துண்டைச் சுருட்டி மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு, ஆடும் கப்பலில் நடப்பதுபோல் இடமும் வலமும் தள்ளாடி நடந்தார்.

கன்னையா வாய்விட்டுச் சிரித்தார். கப்பல் பாட்டை எடுத்தார்.

யார் செய்த புண்ணியமோ என்று சீதாலெட்சுமி மூச்சு விட்டாள்.

அது முடிந்ததும் பெண்கள் பக்கத்தில் நாற்பது பேர் ஒன்றாக எழுந்தார்கள். காற்றில் ஒரு மரத்தை நிறுத்தி, அதில் சாய்வாகக் கத்தியை இழுத்தார்கள். பால் வெட்டுப் பாட்டு வந்தது. அதற்குப் பிறகு ஆண்கள் பக்கம் பத்துப் பேர் இல்லாத குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். குதிரைச் சாமி வந்தார்.

அந்தப் பாட்டின் கடைசி அடியை அவர் இழுத்து நிறுத்தியபோது திடல் முழுக்க எழுந்து நின்றது. துண்டுகள் பறந்தன. தலைப்பாகைகள் பறந்தன. ரயில்காரர்கள் பச்சைக் கொடிகளை உயர்த்தி ஆட்டினார்கள்.

பத்து மாதமாகப் பெண்சாதியின் முகத்தைப் பார்த்த பிறகே சிரித்தவர், இன்று நேராகக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். உடுக்கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

அப்போதுதான் சீதாலெட்சுமி கவனித்தாள். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. ஒரு கைகூடத் தட்டவில்லை.

மெல்ல மாரியாயியின் பக்கம் திரும்பினாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"போன மாசி மகத்துலேருந்து" என்றாள் மாரியாயி, துண்டை ஆட்டிக்கொண்டே. "பேய் மழை பெஞ்சுச்சே, ஞாபகம் இருக்கா? தகரக் கூரையில விழுந்த சத்தத்துல பக்கத்துல இருக்கிறவ பேசினதே கேக்கல. அவரு மட்டும் மழைச் சத்தமே இல்லாத மாதிரி நிறுத்தாம பாடிக்கிட்டே இருந்தாரு. அவருகிட்ட சொல்லிடாதீங்கக்கா, பாடுறத விட்டுருவாரு. ரயில்காரங்களும் நாங்களும் கலந்து பேசி, மூணு ஞாயிறா இதைப் பழகினோம்."

சீதாலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு லேசான கோபத்தோடு கேட்டாள்.

"அதுக்கு என்னை ஏன் மேடைக்கிட்டேருந்து விரட்டினீங்க? உசுரே போயிருச்சு எனக்கு."

"அதுவும் நாங்க சொல்லித்தான் செஞ்சாங்க" என்றாள் மாரியாயி. "இத்தனை மாசத்துல நீங்க அவரு பாட்டு ஒண்ணையாவது நிம்மதியா உக்காந்து கேட்டிருக்கீங்களா?"

மேடையில் கன்னையா அடுத்த பாட்டுக்குத் தொண்டையைச் செருமினார்.

சீதாலெட்சுமி காலை நீட்டி, பந்தல் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.