முதல் மொக்குக் கேள்வி

“சேர், இது பால்குடிப் பிள்ளையளுக்கான புரொஜெக்ட். எங்களுக்கெதுக்கு?”

ஸெய்னுதீன் சொன்னதும் கம்பியூட்டர் டிப்ளோமா வகுப்பே சிரித்தது. முன்னால் நின்ற சீலாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

அவள் கொண்டுவந்த திட்டம் இதுதான். திறந்த மூல மென்பொருளை யாரும் பிரித்துப் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். ஆனால் புதிதாகத் திருத்த வருகிறவருக்கு எங்கே தொடங்குவது, யாரைக் கேட்பது என்று ஒன்றும் விளங்காது. அவர்களுக்காகப் பாடங்களை ஓரிடத்தில் சேர்த்து, கேள்வி கேட்க ஒரு பக்கமும் வைத்து, தமிழில் ஒரு செயலி.

“கேள்வி கேக்கப் பேர் போடத் தேவையில்லை. ஆர் கேட்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்று அழுத்திச் சொன்னாள் சீலா.

சிவகுருநாதன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. ஆனா ஆக்கள் பாவிப்பினமோ? வகுப்பு மெஷினுகளில போட்டு விடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பம். ஒரு கேள்வியும் வரேல்லையெண்டா வேற தலைப்பு எடும்.”

வேறு தலைப்பு என்றால் எல்லாம் திரும்ப முதலில் இருந்து. ஊரடங்கு, ஷெல்லடி என்று படிப்பு ஏற்கெனவே இழுபட்டுக் கிடந்தது. அன்புவழிபுரத்து வீட்டில் அம்மா, “உன்ர டிப்ளோமா முதல் முடியுதோ, சண்டை முதல் முடியுதோ?” என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.

திங்கள் ஒரு கேள்வியும் இல்லை. செவ்வாயும் இல்லை.

“லைலா, நீயாவது ஒண்டு கேளன்” என்று தோழியைக் கெஞ்சினாள் சீலா.

“எனக்கொரு சந்தேகமும் இல்லையடி. வீட்டில எங்கட மச்சிக்குத்தான் கொஞ்சம்...”

“அப்ப மச்சிக்காகக் கேள்.”

“பிறகு எனக்குத்தான் தெரியாது எண்டு நினைப்பாங்க.”

பேர் போடாத கேள்விக்கே இந்தப் பயம். புதன்கிழமையும் பக்கம் வெறுமையாகவே கிடந்தது.

வியாழக்கிழமை துறைமுகப் பக்கம் பெரிதாக ஒரு வெடிச்சத்தம். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒருவரும் நிமிரவில்லை. எல்லோரும் திரையில் வந்து விழுந்த ஒரு கேள்வியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“திறந்த மென்பொருள் என்கிறீர்கள். வகுப்பு முடிந்து போகும்போது அதை யார் பூட்டுவது?”

அடுத்த நொடி வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“எந்த மொக்கன் கேட்டது?” என்று எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் ஸெய்னுதீன்.

அதற்குப் பிறகுதான் அதிசயம் நடந்தது. அந்தக் கேள்வியைவிடத் தங்கள் கேள்வி எவ்வளவோ மேல் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாக வந்து விழத் தொடங்கின. லைலாவின் மச்சிக்கு இருந்த சந்தேகங்களும் வந்தன. மச்சிக்கு நிறையவே சந்தேகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை சேர் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“பாவிக்கினம்தான். இந்தத் தலைப்பையே செய்யும், பிள்ளை.”

சீலாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கேள்வி எந்த மெஷினில் இருந்து வந்தது என்று செயலியைச் செய்த அவளால் மட்டும் பார்க்க முடியும். பார்க்கக்கூடாதுதான். பார்த்துவிட்டாள். வாயை அடக்கவும் ஏலவில்லை.

“சேர், அந்த முதல் கேள்வி கேட்டது ஆர் தெரியுமோ? இதைப் பால்குடிப் புரொஜெக்ட் எண்டு சொன்ன ஆள்தான். ஸெய்னுதீன்!”

ஒருவரும் சிரிக்கவில்லை.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கீபோர்ட் சத்தம் அப்படியே நின்றது. லைலா மெதுவாகக் கேள்விப் பக்கத்தை மூடினாள். பக்கத்து மேசையிலும் ஒரு பக்கம் மூடப்பட்டது. தான் செய்தது என்ன என்று சீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸெய்னுதீன் எழும்பினான். காதெல்லாம் சிவந்திருந்தது.

“ஓம் சேர், நான்தான். இன்னொண்டும் கேக்கக் கிடக்கு. லினக்ஸில விண்டோஸ் இல்லையாமே? அப்ப கம்பியூட்டருக்குள்ள காத்து எப்பிடி வரும்?”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கமுதலே திரும்பவும் கீபோர்ட் சத்தம் கேட்கத் தொடங்கியது.

வகுப்பு முடிந்ததும் சேர் சீலாவை மறித்தார்.

“பிள்ளை, லீவுக்க இந்த மெஷினுகள் எல்லாத்துக்கும் லினக்ஸ் போட்டுத் தந்தது ஆர் எண்டு நினைக்கிறீர்? தமிழ் எழுத்து உடைஞ்சு உடைஞ்சு வந்ததை, எங்கயோ வெளிநாட்டில இருக்கிற ஆக்களோட எழுதிக் கதைச்சுத் திருத்தினதும் அந்தப் பெடியன்தான். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவன்.”

சீலா பஸ் நிலையத்துக்கு ஓடினாள். அவன் குச்சவெளி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான்.

“எல்லாம் தெரிஞ்சுகொண்டே ஏன் அப்பிடிக் கேட்டனீங்க?”

“ஒருத்தரும் கேக்கேல்லயே. ஆராவது தொடங்கத்தானே வேணும்.”

“பிறகேன் பால்குடி எண்டு நக்கலடிச்சனீங்க?”

“அது அண்டைக்கு உண்மையா நினைச்சுச் சொன்னது” என்று தலையைச் சொறிந்தான். “புதன்கிழமை லைலா முதல் பாடத்தை விளங்காமல் வெச்சு முழிச்சுக்கொண்டே இருந்ததைப் பாத்தன். வாயைத் திறக்கவே இல்ல. பாவமாயிருந்துச்சு.”

பஸ் வந்தது. அவன் மிதிபலகையில் கால் வைத்தான்.

“நான் உங்கட பேரை எல்லாருக்கும் முன்னால சொன்னது பிழை” என்றாள் சீலா. “அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே? எல்லாரும் உங்களை மொக்கன் எண்டெல்லோ நினைக்கினம்!”

“நீங்க பேரைச் சொன்ன உடன எல்லாரும் பயந்து கையை எடுத்திட்டாங்க, சீலா. அந்த நேரம் நான் கெட்டிக்காரன் எண்டும் தெரிஞ்சிருந்தா, திரும்ப ஒருத்தரும் கீபோர்டில கை வெச்சிருக்க மாட்டாங்க.”