முன்பல் விழுந்த சிரிப்பு

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை முதல் மாநிலத்தில் இருட்டு அடியோடு ஒழிக்கப்பட்டது. மேடையில் அமைச்சர் இப்படித்தான் முழங்கினார். செயற்கை விழித்திரை பொருத்திய அருளப்பனின் கண்கட்டை அவரே அவிழ்த்தார், தன் முகத்தைக் கேமராவுக்குக் காட்டியபடி.

அருளப்பனுக்கு எல்லாம் தெரிந்தது. அமைச்சரின் மீசைச் சாயம் தெரிந்தது, அவர் கழுத்து மாலையில் மொய்த்த ஈ கூடத் தெரிந்தது. அவர் தேடியதோ மகளை. அவள் பிறப்பதற்கு முன்பே பார்வை போய்விட்டது; விரலால் தடவித் தடவியே மனப்பாடம் செய்த முகம் அது.

"அப்பா, இங்க பாருங்க! நேத்து பல்லு விழுந்துச்சுல்ல, ஓட்டை தெரியுதா?"

இதழினி மேடைக்கே ஓடி வந்தாள். பச்சைப் பாவாடை தெரிந்தது, ரெட்டைச் சடை தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் மட்டும், டிவி செய்தியில் ஆளை மறைப்பார்களே, அப்படிக் கட்டம் கட்டமாகக் கலங்கல்.

"தம்பி, புள்ள முகம் மட்டும் தெரியலியே?" என்று பக்கத்தில் நின்ற கம்பெனி இன்ஜினியரின் காதில் கேட்டார் அருளப்பன்.

"கோளாறு இல்ல சார். சின்னப் பிள்ளைங்க முகத்தை எந்தக் கருவியும் காட்டக் கூடாதுன்னு சட்டம். பதினெட்டு வயசானா தானா தெளிஞ்சிடும். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க."

"சொல்லுங்கப்பா, தெரியுதா?"

அருளப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்த ஓட்டையில் விரலை வைத்தார்.

"தெரியுதுடா கண்ணு. நல்லாத் தெரியுது."

கூட்டம் கைதட்டியது. அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதழினிக்கு ஆறு வயது.