குடித்து முடியும் வரை

"அண்ணை, இண்டைக்கு எந்தப் பாருக்குப் போறம்?" என்று தம்பிஐயா கேட்டதும், தவறணையில் இருந்த எல்லோரும் சிமியோன் பக்கம் திரும்பினார்கள்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கள்ளுத் தவறணையில் இது அன்றாடம் நடப்பதுதான். எண்பத்து நாலாம் ஆண்டுத் தை மாதம் அது. இருட்டினால் ஆமி ரோந்து வரும் என்பதால், குடிக்கிறவர்கள் நாலு மணிக்கே வந்து குந்திவிடுவார்கள். கடற்றொழிலாளியான சிமியோன் அவர்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவார். வாயால்தான்.

அவர் குடாநாட்டு வாசலான ஆனையிறவைத் தாண்டாத மனிதர். ஆனால் கொழும்பில் எங்கே போய்க் குடிக்கலாம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்லுவார். காலிமுகத்திடலில் கடலைப் பார்த்துக்கொண்டு குடிக்கலாம். கோட்டையில் மாடிப்படி ஏறிப் போனால் ஒருத்தி பியானோ வாசிப்பாள். வெள்ளவத்தையில் ஒரு பாருக்கு நண்டுப் பொரியலுக்காகவே சனம் போகும்.

எல்லாம் மகன் கனிசியஸ் எழுதிய கடிதங்களில் இருந்து வந்தவை. அவன் கொள்ளுப்பிட்டியில் ஒரு பாரில் வேலை செய்தான்.

கொழும்பில் தமிழரைத் தேடி அடித்த போன ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கடிதம் வரவில்லை. காங்கேசன்துறைக்கு வந்த அகதிக் கப்பலிலும் அவன் இல்லை. இந்தியாவுக்குப் போயிருப்பான், விலாசம் கிடைத்ததும் எழுதுவான் என்று சிமியோன் சொல்லுவார். அதை மட்டும் யாரும் பகிடி பண்ணுவதில்லை.

நான் சாவகச்சேரி ஆள். அதே கப்பலில் வந்தவன். சிமியோனுக்கு ஒரு செய்தி கொண்டுவந்திருந்தேன்.

நாலு சனிக்கிழமையாக பஸ் ஏறி வருகிறேன், குடிக்கிறேன், சொல்லாமல் திரும்பிப் போகிறேன். கொழும்பில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்குப் புடவைக்கடை என்று புளுகியும் விட்டேன். என்னைப் போல ஒரு கோழை அந்தத் தவறணையில் குடித்திருக்கமாட்டான்.

அன்றைக்கு சிமியோன் எங்களை மகனுடைய பாருக்கே கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவு. பகலிலும் மங்கல் வெளிச்சம். சாராயத்துக்குள் மிதக்கும் ஐஸ் கட்டி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிறகு அவர் ஒன்று சொன்னார். அங்கே கிளாஸைக் கொண்டுவந்து தருகிறவன் உடனே போய்விடமாட்டானாம். நாங்கள் குடித்து முடியும் வரை பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பானாம். வெறும் கிளாஸை வாங்கிக்கொண்டுதான் நகருவானாம்.

தம்பிஐயாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அண்ணை கொழும்புக்கும் பிளாவைக் கொண்டுபோய்விட்டார் என்றான்.

அவன் சிரித்ததில் பிழையில்லை. நாங்கள் குடிக்கிற பனையோலைப் பிளாவுக்கு அடி கிடையாது. தோணி மாதிரி இருக்கும். கீழே வைத்தால் சரிந்து கள் மண்ணுக்குத்தான் போகும். அதனால், ஒருவருக்கு வார்த்துக் கொடுத்தால் அவர் குடித்து முடியும் வரை நின்று பிளாவைத் திருப்பி வாங்குவதுதான் அந்தத் தவறணையில் மரியாதை. கொழும்பில் கிளாஸை வைக்க மேசை இருக்கிறதே.

அது பெடியன் எழுதினது என்று சிமியோன் சொன்னார். சிரிப்பு நிற்கவில்லை. கடிதம் வீட்டில் இருக்கிறது, எடுத்துவந்து காட்டட்டுமா என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். மகனையே பொய்யன் என்று சொல்லிவிட்டது போல அவர் முகம் சுருங்கிப்போனது.

அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணை சொல்லுறது உண்மை. அப்பிடிப் பக்கத்திலை நிண்டதை நான் கண்ணாலை கண்டனான்," என்றேன். "நானும் அந்தப் பாரிலைதான் வேலை செய்தனான்."

எல்லோரும் இப்போது என் பக்கம் திரும்பினார்கள்.

சிமியோன் எழுந்து போய், புதுப் பிளா ஒன்றில் நிறையக் கள் வார்த்துக்கொண்டு வந்து என் இரண்டு கைகளிலும் தந்தார்.

"முதல் இதைக் குடியும் தம்பி. குடிச்சு முடிச்சிட்டுச் சொல்லும்," என்றார்.

நான் சொன்னதில் பொய்யில்லை. அந்தப் பாரில் இருந்த நாலு வருடத்தில், அப்படி நின்ற ஒருவனைக் கண்டிருக்கிறேன். ஒரே ஒருவனை. மனேச்சர் எத்தனையோ தரம் ஏசினார். நாங்கள் நக்கலடித்தோம். கிளாஸைக் கொடுத்துவிட்டு அப்படியே முதுகைக் காட்ட ஒரு மாதிரி இருக்கிறது என்று கனிசியஸ் வெட்கத்தோடு சொல்லுவான்.

அந்த ஆடி மாதத்துத் திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பொல்லும் பெற்றோல் கானுமாகச் சனம் வருகிறது என்று சமையற்காரன் வந்து கத்தினான். அவன் சிங்களவன். தமிழ்ப் பெடியள் எங்களைப் பின்கதவால் போகச் சொன்னான்.

கதவடியில் நின்று கனிசியஸைக் கூப்பிட்டேன். மூலை மேசையில் கண் பார்வை குறைந்த ஒரு கிழவர், வெளியே நடப்பது விளங்காமல், ஆறுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவன் நின்றான். கொஞ்சம் பொறு என்று என்னைப் பார்த்து, நாடியால் அந்தக் கிளாஸைக் காட்டினான்.

நான் பொறுக்கவில்லை. ஓடிவிட்டேன்.

கிழவரைச் சமையற்காரன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானாம். மூன்றாம் நாள் அகதி முகாமுக்கு வந்து, கனிசியஸுக்கு நடந்ததையும் அவன்தான் அழுது அழுது சொன்னான்.

பிளாவில் இன்னும் பாதி இருந்தது. அதைக் கீழே வைக்க முடியாது.

எனக்கு முன்னால் சிமியோன் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.