பேஸ்மென்ட் கேட்டவர்

"பார், பார், உவன்ரை கதையை!"

தொலைக்காட்சியில் அமெரிக்கத் தேர்தல் விவாதம். பள்ளிவாசல் கட்ட விடக்கூடாது, அந்தச் சனத்தை நம்பக்கூடாது என்று ஒரு வேட்பாளர் சொல்ல, சபை எழுந்து நின்று கைதட்டியது. சிவபாதம் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பேரையும் சமயத்தையும் பாத்தோ ஒரு சனத்தை வேண்டாமெண்டுறது? உவனெல்லாம் ஒரு மனுசன்!"

"கைதட்டுறவையைச் சொல்லுங்கோ அப்பா," என்றாள் மிதுஷா. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வாதாடச் சந்தர்ப்பம் கிடைத்தால் சாப்பாட்டையும் மறந்துவிடுவாள். "அவன் வோட்டுக்காகச் சொல்லுறான். இவை எதுக்குத் தட்டுகினம்?"

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

வீட்டின் கீழ்த்தளத்துக்காகத் தமிழ்க்கடையில் ஒட்டியிருந்த 'பேஸ்மென்ட் வாடகைக்கு' விளம்பரத்தைப் பார்த்து யாரோ எடுத்திருந்தார்கள். சிவபாதம் குரலைத் தணித்து, புலம்பெயர்ந்து ஸ்காபரோவில் வீடு வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"ஊரிலை எவடம்?"

பதில் வந்தது.

"சோனகதெருவோ?" யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த தெரு அது. "பேர் என்னெண்டு சொன்னியள்? மஃரூபோ?"

சிவபாதம் கதிரையிலிருந்து எழுந்தார். பிறகு அவருடைய குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"மன்னிக்கோணும் அண்ணை. உந்த பேஸ்மென்டை உங்களுக்குத் தரேலாது."

வைத்துவிட்டார்.

மிதுஷா தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தினாள்.

"பேஸ்மென்ட் காலியாத்தானே கிடக்கு?"

"ஓம்."

"அப்ப ஏன் தரேலாது? முஸ்லிம் எண்டோ?"

"நீ சும்மா இரு பிள்ளை."

"எப்பிடிச் சும்மா இருக்கிறது? உந்த வேட்பாளருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவன் மைக்கிலை சொன்னான், நீங்கள் போனிலை சொன்னியள். அவன் பரவாயில்லை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்லேல்லை!"

சிவபாதம் சமையலறைக்குப் போய் மனைவி மங்கையற்கரசியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் அடுப்பை நிற்பாட்டினாள். இருவரும் மாடிக்கு ஏறிப் போனார்கள்.

"ஓடுங்கோ, ஓடுங்கோ!" மிதுஷா படிக்கட்டைப் பார்த்துக் கத்தினாள். "போன வருசம் ஊரிலை சண்டை முடியிற நேரம் டவுன்ரவுனிலை ரோட்டிலை இருந்து, எங்கடை சனத்தை உலகம் கைவிட்டிட்டுது எண்டு அழுதனீங்கள். நானும் பக்கத்திலை இருந்தனான். ஒரு குடும்பத்துக்குக் கதவு திறக்கேலாத நாங்கள் ஆரிட்டைப் போய் நியாயம் கேக்கிறது?"

மேலே எதையோ இழுக்கிற சத்தம் மட்டும்.

அவள் அழைப்பு வந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தாள்.

"அங்கிள், இப்ப உங்களோடை கதைச்சவரின்ரை மகள் நான். அப்பா சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன்."

"ஐயோ, அதுக்கென்ன மகள்." மஃரூபின் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. "பேரைச் சொன்னால் சிலபேருக்குக் கதை நிண்டுபோகும். எங்களுக்குப் பழகிப்போச்சு."

"இப்ப எங்கை இருக்கிறியள்?"

"விட்பியிலை, தெரிஞ்ச ஆக்களின்ரை வீட்டிலை, ஒரு அறைக்குள்ளை. நானும் மனிசியும், மகள் இஸ்ரத்தும், அவவின்ரை ரெண்டு சின்னதுகளும். பாவம், வீட்டுக்காரரும் எவ்வளவு நாளைக்குப் பொறுப்பினம்? பள்ளிக்கூடம் தொடங்க முதல் ஒரு இடம் பாக்கோணும்."

"கொஞ்சம் பொறுங்கோ அங்கிள். அப்பாவை ஓமெண்டு சொல்ல வைச்சிட்டு எடுக்கிறன்."

வைத்துவிட்டுத் திரும்பினாள். படிக்கட்டில் அப்பாவும் அம்மாவும் ஒரு மெத்தையை ஆளுக்கொரு முனையில் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கட்டில் மெத்தை.

"இது எங்கை போகுது?"

"கீழை," என்றாள் மங்கையற்கரசி மூச்சு வாங்க. "நாங்கள் பேஸ்மென்டுக்குப் போறம். மேல்வீடு அந்த மஃரூப் குடும்பத்துக்கு. நீயும் உன்ரை புத்தகங்களை அடுக்கு பிள்ளை, உன்ரை அறையும் வேணும்."

"என்ரை அறையோ?" மிதுஷா திடுக்கிட்டாள். "அவை கேட்டது பேஸ்மென்டைத்தானே! அதைக் குடுத்தாக் காணாதோ? நான் எங்கை இருந்து படிக்கிறது?"

சிவபாதம் மெத்தையைச் சுவரோடு சாய்த்தார்.

"தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் முஸ்லிம் சனத்தை ரெண்டு மணித்தியாலத்திலை யாழ்ப்பாணத்தை விட்டுக் கலைச்சவை. நாங்கள் பலாலியிலை இருந்து ஷெல்லடிக்கு ஓடிவந்து நிக்கிறம். சோனகதெருவிலை அந்தச் சனம் விட்டிட்டுப்போன ஒரு மாடிவீட்டிலை எங்களைக் கொண்டுபோய் இருத்திச்சினம். நாங்களும் இருந்தம். அஞ்சு வருசம். வாசல் மதிலிலை 'மஃரூப்' எண்டு பேர் கிடந்தது."

"இதை அவரிட்டைப் போனிலையே சொல்லியிருக்கலாமே?"

"போனிலை சொல்லுற கதையோ இது? நேரை போய் முன்னாலை நிண்டு சொல்லோணும். அந்த மனுசனை நான் எப்பிடிப் பிள்ளை நிலத்துக்குக் கீழை இருத்துறது?"

மிதுஷா மெத்தையைப் பார்த்தாள். பிறகு மாடியைப் பார்த்தாள்.

"சரி... உங்கடை அறையைக் குடுங்கோ. என்ரை அறை ஏன்?" பழைய வேகம் அதில் இல்லை.

"அந்த வீட்டு மாடியிலை ஒரு சின்ன அறை இருந்தது," என்றார் சிவபாதம். "சுவரிலை 'இஸ்ரத்' எண்டு ஒரு குழந்தை சோக்காலை எழுதி வைச்சிருந்தது. நீ தவழப் பழகினது அதுக்கைதான்."